திருப்பூரிலிருந்து 50 கிலோமீட்டர்: பெண்கள் ஓட்ட எந்தச் சைக்கிள், எந்தத் திசை?

கேள்வி: ஊத்துக்குளி ரோடு (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வேலை. பள்ளி நாள்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொடாமல் இருந்து, சென்ற ஆண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும், கியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வார நாள்களில் விடியற்காலையில் நஞ்சராயன் குளம் வரை போய்த் திரும்புவது இப்போது பழகிவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் 50 கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. ஊர்களைப் பார்த்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று சிக்கல்கள் எனக்கு இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் சீட்டில் உட்கார முடியாத அளவுக்கு வலி வருகிறது, உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன. அடுத்து, இங்குள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குழுவுடன் சென்றால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அவர்கள் போய்விடுகிறார்கள். நான் மட்டும் தனியாகப் பின்தங்கிக் காற்றில் தள்ளாடிக்கொண்டு வருகிறேன். அவர்கள் நல்லவர்கள், டீக்கடையில் எனக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் நான் போய்ச் சேர்ந்த அடுத்த நிமிடமே கிளம்பியும் விடுகிறார்கள். மூன்றாவதாக, வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வாய் என்று என் மாமியார் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு பைக் வாங்கினால் இவை எல்லாம் சரியாகிவிடும் என்று குழுவில் சொல்கிறார்கள். 60,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். என் உயரம் 152 சென்டிமீட்டர். வாங்கலாமா? கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இங்கே ஓட்டும் பெண்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: பேரூர்க்காரி (கோவை)

வணக்கம் தங்கச்சி. நீங்கள் எழுதியிருப்பதில் முதல் சிக்கலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைத் தீர்க்காமல் புதிய சைக்கிள் வாங்கினால் அதே வலி இன்னும் அதிக விலையில் வந்து சேரும். ரோடு பைக்கில் உடம்பு முன்னோக்கிச் சாய்வதால், இடுப்பெலும்பும் முன்னால் சுழன்று, எலும்பு தாங்க வேண்டிய எடையை மென்மையான உறுப்புகள் தாங்க நேரிடும்; ஆகவே சீட் பொருந்தாத பெண்ணுக்கு ஹைபிரிட்டைவிட ரோடு பைக்கில் துன்பம் கூடத்தான் செய்யும்.

நாம் சீட்டில் உட்காருவது இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளின் மீது. அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாகப் பெண்களுக்குச் சற்று அகலம். அதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு நெளிவு அட்டைப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்து, தட்டையான முக்காலியின் மேல் வைத்து, மெல்லிய உடையுடன் கால்களைச் சற்று உயர்த்தி முன்னால் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால், அட்டையில் இரண்டு பள்ளங்கள் விழும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்துடன் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை கூட்டினால், உங்கள் சீட்டின் அகலம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். நிமிர்ந்து ஓட்டுபவருக்கு அதிகமாகவும் குனிந்து ஓட்டுபவருக்குக் குறைவாகவும் கூட்ட வேண்டும்.

வலிக்கிறது என்று சொன்னவுடன் கடைக்காரர் பஞ்சு போன்ற ஜெல் சீட்டையோ ஜெல் உறையையோ எடுத்து நீட்டுவார். தயவுசெய்து வாங்காதீர்கள். அரை மணி நேரப் பயணத்துக்கு அது சுகமாக இருக்கும். அதற்கு மேல், எலும்பு முனைகள் அந்த மென்மையில் புதைந்துவிட, நடுப்பகுதி மேலே பிதுங்கி அழுத்தக்கூடாத இடத்தையே அழுத்தும். சற்றுக் கெட்டியாக, சரியான அகலத்தில், நடுவில் நீளவாக்கில் வெட்டு விட்ட சீட்டுத்தான் நெடுந்தூரத்துக்குத் தாங்கும். முன்மூக்குக் குட்டையாக உள்ள சீட்டுகளும் இப்போது கிடைக்கின்றன. பல பெண்களுக்கு அவை ஒத்துப்போகின்றன. சீட்டின் மூக்கை ஓரிரு பாகை கீழே தாழ்த்திப் பாருங்கள், அதற்கு மேல் தாழ்த்தினால் உடம்பு முன்னால் வழுக்கி எடை முழுவதும் கைகளுக்கு இறங்கிவிடும்.

உங்கள் சுண்டுவிரல் மரத்துப்போவதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு, உள்ளங்கையின் வெளியோர மேட்டின் அடியில் செல்கிறது. ஹேண்டில்பார் மிகத் தொலைவில் இருந்தால் முழங்கையை நீட்டி விறைத்துக்கொண்டு அந்த மேட்டின் மீதே சாய்கிறோம். முழங்கை சற்று மடங்கி இருக்கும்படி ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைச் சைக்கிளுடன் இணைக்கும் துண்டு) குட்டையாக மாற்றுவது சில நூறு ரூபாய் முதல் ஓராயிரம் ரூபாய் வரையிலான வேலை. சீட்டின் உயரத்துக்கு எளிய அளவு ஒன்று உண்டு: மிதி மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மீது வைத்தால் கால் முழுவதும் நேராக நீள வேண்டும், பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் தேவையான அளவு மடிப்புத் தானாக வந்துவிடும். நம் ஊர்ப் பெண்களில் பலர், நின்றால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்து முழங்கால் வலியைச் சம்பாதிக்கிறார்கள். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுவதே சரியான வழி.

அடுத்தது உடை. திருப்பூரில் இருந்துகொண்டு துணியைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டியவர் நீங்கள் அல்லர் என்றாலும், சொல்லிவிடுகிறேன்: பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உரசும். நீண்ட பயணத்துக்கு, உள்ளே அணை தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வேண்டும். அதற்குள் வேறு உள்ளாடை அணியக்கூடாது, ஏனென்றால் உள்ளாடையின் தையல்தான் புண்ணை உண்டாக்குகிறது. ஷார்ட்ஸுக்கு மேல் தளர்வான பேண்ட்டோ குட்டையான குர்த்தியோ போட்டுக்கொண்டு போகலாம், யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. துப்பட்டா மட்டும் வேண்டாம். செயினிலும் சக்கரத்திலும் சிக்கும். மாதவிடாய் நாள்களில் பேட் நகர்ந்து உரசுவது பலருக்குத் தொல்லையாக இருக்கிறது. மாதவிடாய்க் கப்பைப் பழகிக்கொண்டவர்கள் அந்த நாள்களிலும் சிரமமின்றி ஓட்டுகிறார்கள்; பழகாதவர்கள் அன்று தூரத்தைக் குறைத்துக்கொள்வதில் ஒன்றும் குறைவில்லை.

இவற்றை எல்லாம் இப்போது உள்ள ஹைபிரிட்டில் செய்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு, அப்போதும் ரோடு பைக் மீது ஆசை இருந்தால் வாங்குங்கள். ஆசையும் ஒரு காரணம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பதில்: சைக்கிள் பட்டறை (ஈரோடு)

சகோதரிக்கு வணக்கம். மேலே அக்கா சொன்ன அளவு விஷயங்களை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கடையில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் என் பங்கைச் சொல்கிறேன்.

முதலில் "லேடீஸ் மாடல்" என்ற சொல்லை நம்பி வாங்க வேண்டாம். பெண்களுக்கென்று தனி ஃபிரேம் வேண்டுமா என்பதில் பெரிய நிறுவனங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு: ஜயண்ட் நிறுவனம் லிவ் என்ற பெயரில் பெண்களுக்கான தனி ஃபிரேம்களைச் செய்கிறது, ஸ்பெஷலைஸ்ட் நிறுவனமோ, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடே பெரிது என்று சொல்லித் தனி ஃபிரேம்களைக் கைவிட்டது. என் பட்டறை அனுபவத்தில் இரண்டாவது கருத்துக்கே நான் பக்கம். 152 சென்டிமீட்டர் உயரத்துக்கு, அந்த மாடலில் கிடைக்கும் மிகச் சிறிய அளவு ஃபிரேம்தான் பொருந்தும். அது கையிருப்பில் இல்லை, அடுத்த அளவை எடுத்துக்கொண்டு சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சீட்டை இறக்கலாம், ஆனால் ஃபிரேமின் நீளத்தைக் குறைக்க முடியாது.

அந்த அளவு ஃபிரேமிலும் சில பாகங்கள் பெரிய ஆளுக்கு ஏற்றவையாகவே வந்துவிடுவது உண்டு. கிராங்க் (மிதியைத் தாங்கும் கை) 170 மில்லிமீட்டருக்குப் பதில் 165 ஆகவும், ஹேண்டில்பார் 38 அல்லது 40 சென்டிமீட்டர் அகலத்திலும் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரேக் லீவர் விரல்களுக்கு எட்டுகிறதா என்று பிடித்துப் பாருங்கள்; பெரும்பாலான லீவர்களில் அதை உள்ளே இழுத்து வைக்க ஒரு சிறு திருகு இருக்கும், கடைக்காரர்கள் பலர் அதைத் தொடுவதே இல்லை. இறக்கத்தில் பிரேக் எட்டாமல் தடுமாறுவதை, பெண்களுக்குப் பயம் அதிகம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

கியரைப் பொறுத்தவரை, முன்னால் 50, 34 பல் உள்ள இரண்டு பற்சக்கரங்களும், பின்னால் 11 முதல் 34 பல் வரை உள்ள பற்சக்கர அடுக்கும் (கேசட்) இருந்தால் போதும். மிகச் சிறிய கியரில் முன்னும் பின்னும் 34 பல்லாக அமைவதால், மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். சென்னிமலை அடிவாரத்து மேடுகள், எதிர்காற்று இரண்டுக்கும் அது உதவும். பெரிய கியரைப் போட்டு மெதுவாக அழுத்தி மிதிப்பதைவிட, நிமிடத்துக்கு 80 சுற்று என்ற அளவில் இலேசாக மிதிப்பது முழங்காலுக்கு நல்லது. டயர் 28 மில்லிமீட்டர் இருக்கட்டும், ஃபிரேமில் இடம் இருந்தால் 32 இன்னும் நல்லது. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது அதிகபட்ச அழுத்தம். அந்த அளவுக்கே காற்று அடிக்க வேண்டும் என்று பொருளல்ல. உங்களைப் போன்ற எடை குறைந்தவர்கள் அந்த அளவுக்கு அடித்தால் சாலையின் ஒவ்வொரு கல்லும் கையில் தெரியும்.

பஞ்சரைப் பற்றி உங்கள் மாமியார் கேட்டது மிகவும் நியாயமான கேள்வி. நம் பக்கத்துச் சாலைகளில் பஞ்சருக்கு முதல் காரணம் முள். ஓரத்து மண்ணில் நெருஞ்சி, வாய்க்கால் மேட்டில் சீமைக்கருவேலம், இட்டேரிகளில் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) கிளுவை. காங்கேயம் பக்கம் கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியை வெட்டிச் சீர் செய்யும் நாள்களில் தடம் முழுவதும் முள் சிதறிக் கிடக்கும். டயரின் உள்ளே முள் தடுப்புப் பட்டையைப் போட்டுக்கொள்ளலாம். வேகம் சிறிது குறையும், பரவாயில்லை. அதையும் மீறிக் குத்தினால், சாலையோரத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்காமல் டியூபையே மாற்றிவிட வேண்டும். ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், ஒரு சிறு பம்ப், இவை சீட்டுக்கு அடியில் உள்ள பையில் அடங்கும். புது டியூபைப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி, குத்திய முள்ளை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த டியூபும் அங்கேயே போகும். வீட்டில் ஓய்வாக இருக்கும்போது பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழகினால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

பதில்: மேல்காற்று (உடுமலை)

நான் புவியியல் ஆசிரியை. நீங்கள் காற்றில் தள்ளாடிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போன இடத்தில் எனக்கு நிற்கத் தோன்றுகிறது, ஏனென்றால் கொங்கு நாட்டில் சைக்கிள் ஓட்டுபவருக்கு மேட்டைவிடக் காற்றே பெரிய மலை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்தில் திறந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் பாய்ந்து வருகிறது. இந்த ஊர்களைச் சுற்றிக் காற்றாலைகள் அடர்ந்து நிற்பதற்கும் ஆடி மாதத்தில் உங்கள் சைக்கிள் நகராமல் நிற்பதற்கும் காரணம் ஒன்றேதான். காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் ஓட்டும்போது எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், காற்றில்லாத நாளில் இருப்பதைப் போல நான்கு மடங்கு விசை உங்களைப் பின்னுக்குத் தள்ளும். அன்று உங்கள் வேகம் பாதியானால் அது உங்கள் உடல்வலுக் குறைவைக் காட்டுவதாகாது.

ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது தூரத்துக்கு முன்னால் திசையைத் தீர்மானியுங்கள். விடியற்காலையில் காற்று பொதுவாக அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். ஆடியில் வெள்ளென ஐந்தரைக்குக் கிளம்பி, மங்கலம் வழியாகச் சோமனூர்ப் பக்கம், அதாவது மேற்கே போய்விட்டு, காற்று கிளம்பிய பிறகு அதை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நொய்யல் ஓடும் திசையை நினைத்துப் பாருங்கள்: வெள்ளியங்கிரி அடிவாரத்தில் தொடங்கி, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே போய்க் காவிரியில் சேர்கிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திருப்பூர் அதைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்வு. கண்ணுக்குச் சமவெளியாகத் தெரிந்தாலும் மேற்கே போவது ஏற்றம், கிழக்கே வருவது இறக்கம். காலையில் புதிய கால்களுடன் ஏற்றத்தையும் எதிர்காற்றையும் முடித்துவிட்டால், களைத்த பிறகு இரண்டும் உங்கள் பக்கம் நிற்கும். உங்கள் குழு இதற்கு நேர்மாறாகக் காங்கேயம் போய்த் திரும்புகிறது என்றால், கடைசி ஒரு மணி நேரம் எல்லோருக்கும் தண்டனைதான், பின்தங்குபவருக்கு இரட்டைத் தண்டனை.

கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் இந்தக் கணக்குத் தலைகீழாகும், கணவாயை நோக்கிக் கிழக்கிலிருந்து காற்று வீசும். அப்போது ஊத்துக்குளிப் பக்கம் முதலில் போங்கள். திரும்பும்போது இலேசான ஏற்றம் இருந்தாலும் காற்று தள்ளிவிடும்.

பக்கவாட்டுக் காற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல்லடம்–உடுமலை சாலை ஏறத்தாழத் தெற்கு வடக்காகச் செல்வது. ஆடியில் அதில் தெற்கே வரும்போது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வலப்பக்கத்திலிருந்து அடித்து உங்களைச் சாலையோரத்துக்குத் தள்ளும். வடக்கே போகும்போது இடப்பக்கத்திலிருந்து அடித்து, வண்டிகள் ஓடும் நடுப்பகுதிக்குத் தள்ளும். அருகில் ஒரு லாரி கடந்து செல்லும்போது காற்றின் அடி மாறி, எதிர்பாராத குலுக்கலும் வரும். புதிதாக ஓட்டுபவர்கள் அந்த மாதங்களில் அந்தத் திசையைத் தவிர்ப்பது நல்லது. சேலம்–கொச்சி நெடுஞ்சாலை 544-ஐ எந்த மாதத்திலும் தவிர்ப்பது நல்லது. அங்கே நிழலும் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை, சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளோ ஏராளம்.

பதில்: வாய்க்கால் மேடு (கோபி)

அம்மிணி, எனக்கு வயது 61. கீழ்பவானி வாய்க்கால் ஓரமாகக் கியர் இல்லாத சாதாரண லேடீஸ் சைக்கிளில் கொடிவேரிப் பக்கம் போய் வருகிறேன், பெரும்பாலும் சேலையிலேயே. மேலே எல்லோரும் சொல்லியிருக்கும் மில்லிமீட்டர் கணக்குகளைப் படிக்கும்போது, சைக்கிள் ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தேர்வு எழுத வேண்டும் போலிருக்கிறதே என்று சிரிப்பு வந்தது. செயின் கவரும் பின்சக்கர வலையும் ஒழுங்காக இருந்தால் சேலை எங்கும் சிக்காது. நாற்று நட்ட வயலைப் பார்க்க மணிக்கு 12 கிலோமீட்டர் வேகமே அதிகம். நீங்கள் கேட்டது 50 கிலோமீட்டர் என்பதால் அவர்கள் சொல்வதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்; ஆனால் இதைப் படிக்கும் வேறு பெண்கள், இவ்வளவும் இருந்தால்தான் தொடங்க முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டில் நிற்கும் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்தாலே போதும்.

மீண்டும்: ஊத்துக்குளி ரோடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. அட்டையில் உட்கார்ந்து அளந்தேன். இப்போதுள்ள சீட் எனக்கு வேண்டியதைவிட மிகக் குறுகலாக இருக்கிறது. முதலில் சீட்டையும் ஸ்டெம்மையும் மாற்றிப் பார்க்கிறேன், ரோடு பைக் பொங்கல் வரை காத்திருக்கட்டும். குழுவைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. வேகம் கூடும் வரை தனியாகவே ஓட்டுவதா? தனியாகப் போனால் தோட்டத்துச் சாளை (பண்ணை வீடு) நாய்கள் துரத்துகின்றன, அதுவும் பயமாக இருக்கிறது.

பதில்: பேரூர்க்காரி (கோவை)

வேகம் கூடிய பிறகு குழுவில் சேரலாம் என்று காத்திருந்தால், குழு இல்லாததாலேயே வேகம் கூடாமல் போகும். முன்னால் ஓட்டுபவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்றின் தடையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். இன்று உங்கள் குழுவில் நடப்பது என்னவென்றால், வலுவானவர்கள் ஒருவர் மறைவில் ஒருவர் போக, வலுக் குறைந்தவர் மட்டும் முழுக் காற்றையும் தனியாக வாங்குகிறார். மெதுவாக ஓட்டுபவரை வரிசையின் கடைசியில் விடாமல், மிக வலுவானவருக்கு அடுத்து இரண்டாவதாக வைத்து, வேகத்தை அவரே தீர்மானிக்கும்படி செய்ய வேண்டும். இதை அவர்களிடம் நேராகக் கேளுங்கள். டீக்கடையில் காத்திருப்பதும் துணையாக வருவதும் ஒன்றல்ல. கடைசியாக வந்து சேர்ந்தவர் டீயைக் குடித்து முடித்து, கிளம்பலாம் என்று சொன்ன பிறகே குழு கிளம்ப வேண்டும். அவர்களுக்கு அது ஒத்துவரவில்லை என்றால், உங்கள் நிறுவனத்திலேயே இரண்டு பெண்கள் கிடைக்க மாட்டார்களா? மூன்று பேர் சேர்ந்தால் அது ஒரு குழுதான்.

மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது ஏதோ தகுதி வரம்பு என்ற எண்ணமும் வேண்டாம். ஆடாக்ஸ் இந்தியா அமைப்பு நடத்தும் பிரெவே பயணங்களில், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, போட்டியில்லாத நெடுந்தூரப் பயணங்களில், 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கால அளவு. சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் அந்த நேரத்துக்குள் அடக்கம் என்றாலும், கணக்குப் போட்டால் சராசரி மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கீழேதான் வருகிறது. சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டுபவர் நிதானமாக முடித்துவிடலாம்.

நாய்களை முந்த முயலாதீர்கள். நிதானமாக வேகத்தைக் குறைத்து, அது முரட்டுத்தனமாக வந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, உரத்த குரலில் அதட்டி நடந்து போனால் பெரும்பாலான நாய்கள் தோட்டத்து எல்லையோடு திரும்பிவிடும். பல் பட்டாலோ நகம் கீறினாலோ, காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில், மருதமலை, தடாகம், ஆனைகட்டிச் சாலைகளில் இருட்டோடு கிளம்புவதை யானைகளுக்காகவே தவிர்க்கிறோம். அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இன்னொன்று. சீட்டும் காற்றும் சரியாகி, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியும், சிறு மேட்டிலேயே மூச்சு வாங்கி நெஞ்சு படபடத்தால் அதைப் பயிற்சிக் குறைவு என்று விட்டுவிடாதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் எந்தச் சைக்கிளும் அதை ஈடுகட்டாது. ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும் நாள்களில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட மோரும் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் விலையுயர்ந்த பொட்டலங்கள் செய்யும் வேலையைச் செய்யும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு, அதைச் செய்யாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே, வழியில் உள்ள பெட்ரோல் பங்க்குகளை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மீண்டும்: ஊத்துக்குளி ரோடு

பெட்ரோல் பங்க் என்றதும் நினைவுக்கு வந்தது. என் டியூபில் உள்ள வால்வு மெல்லியதாக, முனையில் சிறு திருகுடன் இருக்கிறது. பங்க்கில் காற்றடிக்கும் குழாய் அதில் நிற்கவில்லை. டியூப் பழுதா?

பதில்: சைக்கிள் பட்டறை (ஈரோடு)

பழுதில்லை, அது பிரெஸ்டா வால்வு. பங்க்கில் உள்ள குழாய், மோட்டார் சைக்கிளில் இருக்கும் தடித்த வால்வுக்கு ஆனது. பித்தளையில் சிறிய அடாப்டர் ஒன்று கிடைக்கும், விலை மிகக் குறைவு. வால்வின் முனையில் உள்ள திருகைத் தளர்த்தி, ஒரு முறை இலேசாக அழுத்திக் காற்று "புஸ்" என்று வருகிறதா என்று பார்த்துவிட்டு, அடாப்டரை அதன் மேல் திருகி அடித்துக்கொள்ளலாம். பங்க்கில் அழுத்தம் சட்டென்று ஏறும், ஆகவே விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். மாற்று டியூப் வாங்கும்போது, டயரின் பக்கத்தில் 700-க்குப் பின்னால் எழுதியுள்ள எண்ணைப் பார்த்து அந்த அளவைச் சொல்லி, பிரெஸ்டா வால்வு என்றும் சேர்த்துக் கேளுங்கள்; சாதாரணச் சைக்கிளில் வரும், ரப்பர் வால்டியூப் மாட்டிய தடித்த வால்வு உள்ள டியூபைக் கொடுத்தால், ரிம்மில் உள்ள துளை சிறியதாக இருப்பதால் அது நுழையாது.